மேசையின் சுவர்ப் பக்கம்

நிழல்மேசையில் ஒரு தலைமுடி அளவு பிசகினால் தரையில் அரை விரல் பிசகும். அதனால் வடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடைமேடையை ஒட்டினாள்.

இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தக்கை. மேலே சிமெண்ட் நிறப் பூச்சு. நாலு விளக்குக் கம்பம், ஒரு பெஞ்சு, ஒரு குழாய். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் மஞ்சள் பலகை. பல்குச்சியை ஒடித்துச் செய்த பெயர்ப்பலகையில், மூன்றே முடி உள்ள தூரிகையால் எழுதினாள்: உவர்மேடு.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரமாகப் போகும் ரயில்தடம் முழுவதும், எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருங்கி அந்தக் கூடத்து நிழல்மேசை மேல் ஓடியது. மேசையில் ஒரு தண்டவாளத்தை மாற்றினால், மறுநாள் விடிவதற்குள் வெளியே நகலி எந்திரங்கள் நிஜத் தண்டவாளத்தை மாற்றிவிடும். மேசையில் பெட்டிக்குச் சிவப்பு அடித்தால் நிஜப் பெட்டியும் சிவப்பாகிவிடும். வெயிலில் கடப்பாரை பிடித்த காலம் போய், குளிர்ந்த அறையில் இடுக்கி பிடிக்கும் காலம். இடுக்கி பிடிக்க இருபது பேர் போதும். மற்றவர்கள் உப்பளத்துக்குப் போனார்கள். உப்பு வாருவதற்கு மட்டும் இன்னும் எந்திரத்தைவிட ஆள் மலிவு. வடிவின் அக்கா மாடத்தியும் அங்கேதான்.

உவர்மேட்டு உப்பளத்தை உரசிக்கொண்டுதான் ரயில் போகிறது. நிற்காது. பத்து மணி நேரம் உப்பு வாரிய பெண்கள் வெடித்த காலோடு சல்லிக்கல் மேல் ஐந்து கிலோமீட்டர் நடந்து, அடுத்த நிலையத்தில் ஏறித்தான் வீடு சேர வேண்டும். மனு போட்டார்கள். ‘மேசையில் நிறுத்தம் இல்லை, எனவே தரையில் தர இயலாது’ என்று பதில் வந்தது. மேசையில் வைக்கச் சொல்லி மனு போட்டார்கள். ‘தரையில் நிறுத்தம் இல்லை, எனவே மேசையில் வைக்க இயலாது’ என்று வந்தது.

இன்று ஆயுத பூஜை. இடுக்கியும் ரம்பமும் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தன. கூடத்தில் ஆளில்லை. வடிவு பொட்டைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள்.

உப்பளம் கடல் பக்கம். மேசையின் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். நிலையங்கள் எல்லாம் நகரப் பக்கம்தான். பார்வையிட வரும் அதிகாரிகளும் அந்தப் பக்கமாகவே நடந்து போய்விடுவார்கள். சுவருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு முழச் சந்து. அதில் ஒருக்களித்து நின்று நடைமேடையை ஒட்டி முடித்தபோதுதான் குரல் கேட்டது.

“ஏ வடிவு! பூஜையன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதும்பீங்களே?”

மேற்பார்வையாளர் ஜெபஸ்டின்.

“உங்களுக்கு இன்னைக்கு லீவுல்லா, அண்ணாச்சி?”

“மூக்குக் கண்ணாடிய மறந்துட்டுப் போய்ட்டேன். அது என்னது?”

“நிறுத்தம்.”

“யார் உத்தரவு?”

“எங்கக்கா காலு.”

ஜெபஸ்டின் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக் குனிந்தார். நகத்தால் ஒரு நெம்பு நெம்பினால் போதும். பசை இன்னும் காயவில்லை.

“கேவலமா இருக்கு,” என்றார்.

வடிவு நடைமேடையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

“குழாயடில ஈரமில்லாத ஸ்டேஷன் எந்த நாட்டுல இருக்கு? பன்னெண்டு வருசமா என்னத்தப் படிச்ச?” வார்னிஷ் குப்பியைத் திறந்து ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தார். “பெஞ்சுக் காலு கோணல். நிமித்திரு. நான் இங்க வரவே இல்ல, என்ன?”

மறுநாள் சாயங்காலம், நகலி எந்திரம் ஒன்றில் தொற்றிக்கொண்டு வடிவு உவர்மேட்டுக்கு வந்து இறங்கினாள். எல்லாம் இருந்தது. கம்பம், பெஞ்சு, அவள் கையெழுத்திலேயே ஆள் உயரப் பெயர்ப்பலகை! நாற்பது பெண்கள் உப்பு படிந்த காலோடு நடைமேடை முழுக்க நடந்து நடந்து பார்த்தார்கள்.

“ஏட்டி வடிவு, ஒரு கக்கூசு வச்சிருக்கக் கூடாதா?” என்றாள் ஒருத்தி.

“இடுக்கி கையில இருக்கும்போதுல்லா கேக்கணும்!”

மாடத்தி குழாயடியில் கால் வைத்தாள். “இது என்னட்டி, தண்ணி ஒட்டுது?”

அதற்குள் தண்டவாளம் அதிர்ந்தது. ஐந்தரை வண்டி. வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மஞ்சள் பலகைக்கு நேரே, ஒரு சாண்கூடத் தள்ளாமல், வண்டி நின்றது. வடிவு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

மாடத்தி முதல் ஆளாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். நகம்தான் தகரத்தில் கிறீச்சிட்டது.

கைப்பிடியே இல்லை. கைப்பிடி மாதிரி ஒரு கோடு. கதவின் விளிம்பும் கோடு. எட்டுப் பெட்டியிலும் அப்படித்தான். ஜன்னல் கண்ணாடிக்குள் ஒருவர், ‘அந்தப் பக்கம், அந்தப் பக்கம்’ என்று கையை ஆட்டினார்.

கைப்பிடிக்குக் கீழே தேங்காய் அளவுக்கு ஒரு சாயச் சொட்டு வழிந்து காய்ந்திருந்தது.

அந்தச் சொட்டை வடிவுக்குத் தெரியும். போன வருடம் பெட்டிகள் செய்தது அவள்தான். நகரப் பக்கக் கதவுகளை மூன்று நாள் உட்கார்ந்து வெட்டி, கீல் வைத்து, திறந்து மூடிப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்தை அரை மணி நேரத்தில் தூரிகையால் இழுத்துவிட்டாள். கடைசிக் கதவில் சொட்டு விழுந்தபோது, “சுவரா வந்து ஏறப் போவுது?” என்று சொல்லித் துடைக்காமல் விட்டதும் ஞாபகம் வந்தது.

எட்டுப் பெட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள் ஒரு நிமிடம் முடிந்தது. வண்டி போய்விட்டது.

“உன் கைவேலையாட்டி?” என்றாள் மாடத்தி.

“ஆமாக்கா.”

“நாளைக்கும் நிக்குமா?”

“நிக்கும்.”

“அப்ப கதவ வெட்டு.”

“எட்டுப் பெட்டி, பெட்டிக்கு ரெண்டு, பதினாறு கதவு! கீலுக்கு ஊசிய நறுக்கிக்கிடலாம். காலைல உக்காந்தா மத்தியானத்துக்குள்ள…”

“நடந்துக்கிட்டே சொல்லு. ஏழு மணி வண்டியாச்சும் கிடைக்கட்டும்.”

நகலி எப்போதோ போய்விட்டிருந்தது. மேசையோரமாக நடந்தால் அடுத்த நிலையம் எண்பது காலடித் தூரம். இங்கே நூறாவது காலடியில் வடிவின் செருப்பு வார் அறுந்தது. சல்லிக்கல் உள்ளங்காலில் ஏறியது. உருப்பெருக்கியில் பார்த்தால் அசல் போல இருக்க வேண்டும் என்று, கூர்முனை உள்ள பொடியாகச் சலித்துச் சலித்துத் தூவியதும் அவள்தான்.

“என்னட்டி நின்னுட்ட?”

“ஒண்ணுமில்லக்கா,” என்றாள் வடிவு, ஒற்றைக் காலில் நின்று கல்லைப் பிடுங்கியபடி. “சல்லியையும் மாத்தணும்.”