பெண் என்று ஒரு கட்டம்

இதனால் அண்ட சராசரங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், தோட்ட அலுவலகத்துப் பலகையில் ஒரு தாள் தொங்கவிடப்பட்டுவிட்டது!

தொங்கவிட்டவர் பெரிய கிராணி சாம்பசிவம். அலுவலகக் கணக்கப்பிள்ளைதான், ஆனால் நடந்து வந்தால் தோட்டத்தை ஆளும் துரையே வழிவிட வேண்டும் போலிருக்கும். ஒரு தாளை மாட்ட அவருக்கு நான்கு குண்டூசியும் மூன்று கனைப்பும் தேவைப்பட்டன.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நீங்க இருக்கிற நாலாவது லயத்து வரிசை வீடுகளை இடிக்கப் போறாங்க. அதுக்குப் பதிலா பிரிஞ்சாங் டவுன் பக்கத்துல அரசாங்க வீடு. மாசாமாசம் பணம் கட்டிட்டு வந்தா வீடு உங்களுக்கே சொந்தம். நீல அட்டை உள்ளவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள மனுப் பாரம் நிரப்பிக் குடுக்கணும்."

கூட்டம் பலகையை நெருங்கியது. தாளில் அந்த வீட்டின் படமும் இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்! பதினொரு வயது மலர் படத்தைத் தொடப் பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"சொந்த வீடுன்னா என்னக்கா?" என்று கேட்டான் தம்பி விஜயன்.

"நம்ம சுவத்துல ஆணி அடிக்க யாரையும் கேக்க வேணாம்டா."

"எத்தனை ஆணி அடிக்கலாம்?"

"எத்தனை வேணாலும்."

அவ்வளவு பெரிய சுதந்திரம் விஜயனின் தலைக்குள் நுழையவில்லை. வாயைப் பிளந்தபடி நின்றான்.

வீட்டுக்கு வந்தால் அப்பா ஆண்டியப்பன் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வயதில் மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்தவர் அவர். நாற்பத்தைந்து வருடமாக இங்கேதான் இருக்கிறார். ஆனாலும் அவருடைய அடையாள அட்டை சிவப்பு. சிவப்பு என்றால் இங்கே வாழலாம், உழைக்கலாம். குடிமகன் மட்டும் இல்லை; நீல அட்டை குடிமக்களுக்கு.

"நமக்குக் கிடைக்காது பவளம். லயத்தை இடிச்சா எங்க போறதுன்னு தெரியலை," என்றார்.

அம்மா பவளம் தேயிலைக் கூடையை இறக்கி வைத்தாள். ஊறிப்போன விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

மலர் பாரத்தை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் கற்ற மலாய் மொழியில் வரி வரியாகப் படித்தாள். பெயர். பிறந்த இடம். பிறகு இரண்டு சின்னக் கட்டங்கள். ஆண். பெண்.

"அம்மா, நீங்க எங்க பொறந்தீங்க?"

"இந்தத் தோட்டத்துலதான். ஏன்டி?"

"உங்க அட்டை என்ன நிறம்?"

அம்மா தகரப் பெட்டியைத் திறந்தாள். நீலம்!

மறுநாள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடித்த கையோடு அம்மா அலுவலகத்துக்குப் போனாள். முதுகில் காலிக் கூடை, பக்கத்தில் மலர். வரிசையில் ஆண்கள் மட்டுமே நின்றார்கள்.

பாரத்தைப் பார்த்த கிராணி சிரித்தார். "பொம்பளை பேருல வீடா? இந்தத் தோட்டத்துல எந்தக் கதவு பொம்பளை பேருல இருக்கு? போம்மா, போ."

"கிராணி ஐயா, பாரத்துல பெண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கே," என்றாள் மலர்.

"அச்சடிச்சவன் சும்மா போட்டிருப்பான் லா."

"அப்ப ஆணுங்கிற கட்டமும் சும்மாவா ஐயா?"

வரிசையில் ஒருவர் 'க்ளுக்' என்றார். கிராணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்ட பிறகும் அந்தக் கட்டம் அங்கேயேதான் இருந்தது. வேறு வழியில்லாமல் டவுன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பேசப் பேச அவர் முதுகு வளைந்துகொண்டே போனது.

"போலே, துவான்? போலே... போலே..."

அதாவது, ஆகும், ஐயா, ஆகும்! தொலைபேசியை வைத்ததும் முதுகு நிமிர்ந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பொம்பளைங்களும் போடலாம்னு!"

செய்தி லயம் முழுக்கப் பரவியது. சிவப்பு அட்டைக் கணவர்களின் மனைவிமார் தகரப் பெட்டிகளைக் குடைந்தார்கள். வியாழக்கிழமை மாலை மலர் ஏழு பாரங்கள் நிரப்பினாள். அம்மாவின் பாரத்தில் விட்டுவைத்திருந்த 'ஆதரவில் வாழ்பவர்கள்' என்ற இடத்தில், "ஆண்டியப்பன், கணவர்" என்று எழுதினாள்.

"நான் ஒன் ஆதரவுலயா?" என்றார் அப்பா.

"சோறு வேணும்னா கையெழுத்துக்குக் குறுக்க வராதீங்க," என்றாள் அம்மா.

பதினான்கு மாதம் கழித்து வீடுகள் எழுந்தன. மாலை போட்ட பெரிய மனிதர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசி, அம்மாவிடம் சாவியைக் கொடுத்தார்.

மூடுபனிக்குள் வரிசையாக வெள்ளைச் சுவர்கள். ஏழாம் எண் கதவின்மேல் ஒரு சின்னத் தகடு, அதில் 'பவளம்'. அம்மா அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். விஜயன் எந்தச் சுவரில் முதல் ஆணி என்று பார்த்தான்.

அம்மா சாவியைப் போட்டாள். வலப்பக்கம் திருகினாள். இடப்பக்கம் திருகினாள். திறக்கவில்லை. அப்பா முயன்றார். திறக்கவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க. இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு," என்று முன்னால் வந்தார் கிராணி. சட்டைக் கையை மடித்தார். கனைத்தார். திருகினார். முகம் சிவந்தது.

மலர் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

அதை யாரும் பூட்டவே இல்லை.