எந்தப் பக்கம் அழுகிறது

வண்டியை வலது பக்கம் ஒடித்தால் பாரம் இடது சக்கரத்தின் மேல் விழும். அப்போது சத்தம் கூடினால் அழுவது இடது பேரிங். இதை ஏழுமலைக்கு எந்தப் படிப்பும் சொல்லித்தரவில்லை, முப்பத்தெட்டு வருசம் குந்தா மலைக்கு லாரி ஓட்டின காது சொன்னது. ஆனால் அன்று காலை கேத்திக்கு இறங்குகிற ரோட்டில், வளைவுகளில் ஊமையாக வந்த அவர் கார், நேர் ரோட்டில் அழுதது. ஊங்கென்று இழுத்து, அடங்கி, மறுபடி எழும்பி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வளைவை அது மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிற மாதிரி.

மற்ற நாளாக இருந்தால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று விட்டிருப்பார். மறுநாள் விடிகாலை மனைவி தாயம்மாளை மேட்டுப்பாளையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை மிசினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற சமாச்சாரம். ஒரு தடவை தப்பினாலும் கால் வீங்கி, மூச்சு முட்டி, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே கிடப்பாள். பஸ் ஏற அவளுக்குத் தெம்பில்லை. வேறு டிரைவரை நம்பி அவளை அனுப்ப இவருக்கு மனசில்லை. மூன்று வருசமாக இதே போக்கு, இதே வரவு. அவருக்கு உடம்பு அலுத்துவிட்டது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மெக்கானிக் சில்வஸ்டர் தன் ஷெட்டில் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். கடக் என்றது. "ஆட்டம் இருக்குதுங்ண்ணா" என்றான். ஏழுமலையும் ஸ்பிரிங்கின் மேல் ஒரு கையை வைத்து மறுகையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே மணலை அரைக்கிற மாதிரி உள்ளங்கையில் நறநறத்தது. மறுபக்கமும் அதே கதை. சக்கரம் மாட்டுகிற இரண்டு ஹப்பையும் பேரிங்கோடு மாற்றுவது என்று முடிவாயிற்று.

புது ஹப் பெட்டியைப் பிரித்ததும் அவர் கிரீஸை மோந்து பார்த்தார், நம்பரை நகத்தால் சுரண்டினார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இவ்வளவு பாத்திருக்க மாட்டீங்க" என்றான் சில்வஸ்டர்.

"பாத்திருந்தா அவளுக்கும் வாரண்டி கேட்டிருப்பேன்" என்றார். சொன்ன பிறகு வாய் கசந்தது.

நட்டைக் கழற்றி, ஹப்பை அடித்து எடுத்து, புது பேரிங்கை அழுத்தி இறக்கி, இரண்டு பக்கமும் முடிக்க மதியம் மூன்றாகிவிட்டது. பழசின் உள்வளையம் புள்ளி புள்ளியாக அரித்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பார்த்ததும் அவருக்கு நிம்மதி. அழுதது இதுதான், வேறொன்றுமில்லை. கழற்றின சாமானை அவர் எந்த ஷெட்டிலும் விட்டுவிட்டு வருகிறவர் அல்ல. கழுவிப் புதுசு என்று இன்னொருத்தன் தலையில் கட்டிவிடுவார்கள். சாக்கில் கட்டி, வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார். தாயம்மாள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் கட்டிலில் இருந்தாள். நாளைக்குப் போகிற பை இன்றைக்கே பக்கத்தில் தயார். ஓட்டிப் பார்த்துவிட்டு அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிப் புறப்பட்டார்.

மணி நாலரைதான். அதற்குள் மேகம் ரோட்டில் இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிக் காதை வெளியே கொடுத்து ஓட்டினார். ஈரத் தார், சொட்டுகிற கற்பூர மரம், டயரின் சளசளப்பு, எங்கேயோ கேரட் கழுவுகிற மோட்டார். இடது வளைவு, சத்தமில்லை. வலது வளைவு, சத்தமில்லை. நேர் ரோட்டிலும் இல்லை. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி, ஹப்பைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. வேலை சுத்தம். எத்தனையோ நாளைக்குப் பிறகு தோள்பட்டை தளர்ந்தது.

டீ போடச் சொல்லலாம் என்று தாயம்மாளின் செல்லுக்குப் போன் பண்ணினார். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள்.

"வந்துட்டே இருக்கேன். டீக்குத் தண்ணி வையி."

அவள் மூச்சு கேட்டது. மூச்சுக்குப் பின்னால் வேறொன்று கேட்டது.

ஊங்.

"ஏனுங்க" என்றாள் மெதுவாக. "நீங்க எம்பக்கத்துலதான உக்காந்து ஓட்டிட்டிருக்கீங்க?"

அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். காலி சீட். திறந்த கதவு.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். கீழே இறங்குகிற ரோடு, மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். ராத்திரியே போய் அங்கேயே தங்கிக்கலாம் என்று நீங்கள்தானே வந்து கூப்பிட்டீர்கள் என்றாள். கையைப் பிடித்து ஏற்றினீர்களே, கை சில்லென்று இருந்ததே என்றாள்.

சத்தம் எழும்பியது. இடது பக்கம். அப்படியென்றால் வலது வளைவு. அடங்கியது. மறுபடி எழும்பியது. வலது பக்கம். இடது வளைவு. அந்த ரோடு அவருக்குப் பாடம். ஒவ்வொரு வளைவையும் காதாலேயே பார்த்தார். அழுகைக்கு அடியில் கடக் கடக் என்று ஒன்று. இடது சக்கரம், அவர் சாக்கில் கட்டி வாசலில் போட்டுவந்த அதே பழைய பேரிங். ஆட்டம் முற்றிவிட்டது. அதிக தூரம் தாங்காது.

"தாயம்மா, எறங்கு. வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கு."

அவள் வாயைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டாள். குரல் தள்ளிக் கேட்டது.

"ஏனுங்க, யாரோ உங்க கொரல்லயே பேசறாங்க."

கடக். கடக்.

பிறகு அவள் பக்கத்திலிருந்து ஒருத்தன் பேசினான். அலுத்த குரல். தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பித்தான், ஏழுமலை எப்போதும் செருமுகிற மாதிரி.

"எவனையும் நம்பாதே. வெச்சுரு."

அவர் சொல்லித் தாயம்மாள் எதையும் தட்டினதில்லை.

வைத்துவிட்டாள்.