ஐந்து வார்த்தைக் கடிதம்

சனிக்கிழமை காலை, தெரணியகலை பஸ் நிலையத்தருகே இருந்த போட்டோகொப்பிக் கடைக்குள் ஸ்டெபானி நனைந்தபடி வந்து நின்றாள். பின்னாலேயே மெல்வின். இருவருக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடிந்திருந்தது. அங்கே கொப்பி எடுக்கும் வேலை பார்க்கும் மல்லிகாவுக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. இரண்டு பெண்களும் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரே லயத்தில் பிறந்து ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஸ்டெபானிக்கு இங்கிலீஷும் வந்தது, மெல்வினும் வந்தான். மல்லிகாவுக்கு வந்தது விரலில் டோனர் கறை.

"அங்கிள், யாரோ என் வேலைக்கு ஒல வச்சிட்டாங்க."

கடைக்காரர் ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மனு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். கோழித் திருட்டிலிருந்து கள்ளக் கையெழுத்துவரை துப்புத் துலக்குவது அவர் வியாதி.

எம்பிலிப்பிட்டியவில் ஒரு தனியார் பள்ளியில் ஸ்டெபானிக்கு டீச்சர் வேலை உறுதியாகியிருந்தது. நேற்று நியமனக் கடிதம் வாங்கப் போனவளிடம் அதிபர் ஒரு மொட்டைக் கடிதத்தை உறையோடு நீட்டிவிட்டார். திங்கட்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு.

கடிதம் இங்கிலீஷில், கொட்டை எழுத்தில் இருந்தது. 'ஸ்டெபானியை நம்பாதீர்கள். அவள் ட்ரெய்ட்டர், பெட்ரேயர், டர்ன்கோட், ரெனிகேட், டெசர்ட்டர்.' அவ்வளவுதான்.

"அஞ்சும் துரோகிங்கிறதுக்கு உள்ள வார்த்தைங்க," என்று ஸ்டெபானி மூக்கை உறிஞ்சினாள்.

"இது தனுஷன் வேலதான்," என்றான் மெல்வின். "அந்த ஸ்கூல்லதான் படிப்பிச்சுக் குடுக்குறான். இவ அப்ளிகேஷன் போட உதவினவனும் அவன்தான். இவ்வளவு இங்கிலீஷ் வேற யாருக்குத் தெரியும்?"

"அதேதான் சேர்!" என்று மல்லிகா துள்ளினாள். துப்பு விஷயத்தில் கடைக்காரரின் நிதானமெல்லாம் அவளுக்கு ஆகாது. ஆனால் கடிதத்தை எட்டிப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினாள். அந்த ஐந்து வார்த்தைகளையும் அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். வாயைத் திறக்காவிட்டால் வேலை போகும், ஸ்டெபானியும் தன்னைப்போல லயத்திலேயே கிடப்பாள் என்று மனதின் ஒரு மூலை இனித்தது. அந்த இனிப்பே அவளைப் பயமுறுத்தியது.

"சேர், இந்த அஞ்சு வார்த்தையும் உள்ள ஒரு ஷீட்ட செவ்வாக்கெழம நான்தான் கொப்பி எடுத்தேன்."

ஞானப்பிரகாசம் கழிவுத் தாள்களுக்குள்ளிருந்து மங்கலாக விழுந்த ஒரு பிரதியை எடுத்தார். தான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்காக ஸ்டெபானி தயாரித்த ஒத்தகருத்துச் சொற்களின் பட்டியல். அதே ஐந்து, அதே வரிசை.

"இங்கிலீஷ் தெரிஞ்சவன் பொருத்தமா ஒண்ணு போட்டிருப்பான்," என்றார். "டெசர்ட்டர்னா பட்டாளத்த விட்டு ஓடினவன். டீச்சருக்கு அது எதுக்கு? பாத்து எழுதியிருக்காங்க. தபால் முத்திரை புதன்கெழம. வகுப்பு நாளைக்குத்தான். அதுக்கு முன்ன ஷீட்ட பாத்தவங்க யாரு?"

"நானு, மல்லிகா..." ஸ்டெபானி தயங்கினாள். "கொப்பிக் கட்ட வாங்கிட்டு வந்தது மெல்வின்."

எல்லோரும் மல்லிகாவைத்தான் பார்த்தார்கள். அவளுடைய பொறாமை ஊரறிந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

ஞானப்பிரகாசம் உறையின் மடிப்பை நகத்தால் உரித்தார். ஒட்டியிருந்த பசை மெல்லிய நூலாக இழுபட்டது.

"ரப்பர் பால்ல ஒட்டியிருக்கு. தோட்டத்தில எல்லாரும் செய்றதுதான். ஆனா திங்கள்லேருந்து விடாத மழ, பால்வெட்டே இல்ல. பழைய பாலு கட்டியாயிரும். அமோனியா கலந்து தோட்டத்து ஸ்டோர்ல வச்ச பாலுதான் தண்ணியா நிக்கும். மல்லிகாவுக்கு ஒட்டுறதுக்கு இங்கயே கம் போத்தல் இருக்கு. ஸ்டோர்ல அமோனியா கலக்குறது யாரு, மெல்வின்?"

மெல்வின் ஸ்டெபானியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ தெனம் அந்தத் தனுஷன்கூட ஸ்டாஃப் ரூம்ல ஒக்காருவ. நெனச்சாலே பத்திக்கிட்டு வருது. வேல இல்லாட்டி எங்கயும் போக மாட்டன்னு நெனச்சேன்."

ஸ்டெபானி அழவில்லை. கைபேசியை நீட்டினாள். "அதிபருக்கு எடுங்க. எழுதினது நீங்கதான், எல்லாம் பொய்யின்னு நீங்களே சொல்லுங்க."

"சொன்னா கல்யாணம் நடக்குமா?"

"இல்லீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம என்ன துரோகியாக்கிட்டீங்க. அதோட முடிஞ்சிரிச்சி. மொதல்ல பேசுங்க."

அவன் பேசினான். முடித்ததும் கைபேசியை அவளிடமே கொடுத்தான். திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லி அதிபர் ஸ்டெபானியிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆறு வருஷமாக மல்லிகா யாருக்காகப் பொறாமைப்பட்டாளோ அவன் இப்போது யாருக்கும் இல்லாமல் கடைவாசலில் நின்றான். அவனைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மழையில் தனியாக பஸ்ஸுக்கு நடந்துபோன ஸ்டெபானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.