ஈரம் ஆகாத அறை

கயானோ தனியாகத்தான் இருந்தாள். ஆனால் சுவரிலிருந்த ஈரமானியின் முள், அறைக்குள் இரண்டு பேர் மூச்சு விடுவதாகக் காட்டியது.

வெளியே ஆகஸ்ட் மாதப் புழுக்கம். உள்ளே உதடு வெடிக்கும் வறட்சி. புதுவகை லித்தியம் பேட்டரியில் திரவத்துக்குப் பதிலாக வைத்து அழுத்தும் கந்தகப் பொடிக்கு ஈரம் ஆகாது. பட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு விஷவாயு கிளம்பும். ஆள் ஒருவர் நுழைந்தால், அவர் மூச்சின் ஈரத்துக்கே முள் ஒரு கோடு ஏறிவிடும்.

ஓபோன் விடுமுறை. இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து விளக்கேற்ற எல்லோரும் ஊருக்குப் போயிருந்தார்கள். மேலாளர் நிராசாவா கயானோவை மட்டும் வரச்சொல்லியிருந்தார். எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

ஜூன் மாதம் இதே அறையில்தான், கூட வேலைபார்த்த தொகாஷி அந்த வாயு தாக்கிச் செத்தான். கம்பெனியைப் பார்க்க வந்த விருந்தாளிகள் முன்னால் அலறித் தொலைக்கிறதே என்று வாயு எச்சரிக்கை மணியை அணைத்துவைத்தவர் நிராசாவா. எந்தக் கருவியைச் சோதித்தாலும் விரல் நீட்டி, வாய்விட்டுச் "சரி" சொல்வது அங்கே வழக்கம். தொகாஷி மணியைப் பார்க்காமலே சரி சொன்னான் என்று பழியைச் செத்தவன் தலையில் போட்டவரும் அவரே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாவு வீட்டில் தொகாஷியின் மனைவி கம்பெனிக்காரர்கள் முன் இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அதை நினைத்தால் கயானோவுக்கு இன்றும் வயிறு எரிந்தது. திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லியே தீருவாள்.

விசிறிகளின் முனகலுக்கு அடியில், பொடித் தட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூக்கடைத்தவர் யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுத்து விடுவது போன்ற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. பொடியின் மேல் காசளவு ஈரம் படர்ந்தது. யாரோ குனிந்து அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. நிராசாவா. முள் மூன்றாவது கோட்டுக்கு ஏறியது.

"முள்ளப் பாருங்க, நிராசாவா-சான்."

"அது கெடக்கு, பழைய மானி. திங்கக்கிழம என்ன சொல்லப்போற?"

"மணிய அணைச்சது நீங்கதான்னு சொல்லுவேன்."

அவர் சிரித்தார். "சாட்சிக்கு யாரு? செத்தவன் எந்திரிச்சு வருவானா?"

அப்போது நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. மணி அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள், அதன் பச்சை விளக்கு எரியவில்லை. பாவி, இன்றும் அணைத்திருந்தார். ஒரு சாவு போதவில்லை அவருக்கு. சுவரில் தொங்கிய வாயு முகமூடிகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு இன்னொன்றை அவர் மேல் விட்டெறிந்தாள். அது தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? நாத்தம் போயிடுச்சு பாரு."

நாற்றம் போகவில்லை. வாயு மிஞ்சினால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். அந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

கையைப் பிடித்து இழுத்தாள். உதறினார். வீம்பு. விளக்கு எரியாத மணியை நோக்கி விரலை நீட்டினார்.

"சரி."

"சரி" என்றது இன்னொரு குரல்.

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து. தொகாஷியின் குரல்.

ஓடினாள். கதவு. அடுத்த கதவு. பிறகுதான் கதவுக் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள்.

நிராசாவா விழவில்லை. கண்கள் மேலே செருகியிருந்தன. கால்கள் துவண்டு தொங்கின. நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை. மணிக்கட்டருகே வெள்ளைச் சட்டைத் துணி ஐந்து இடங்களில் உள்ளே அமுங்கியிருந்தது.

அந்தக் கை மெதுவாக மடங்கியது. விரல் அவர் நெஞ்சையே காட்டியது. வாய் திறந்தது.

"சரி."

மறுபடி மணி. மறுபடி நெஞ்சு. ஒவ்வொரு தடவையும் அந்த வாய் திறந்து திறந்து மூடியது.