பெடல் மிதிப்பவன்

இருக்கை மறுபடியும் முன்னால் நகர்ந்திருந்தது. ஹார்லன் ட்யூன்ஸ்ட்ரா பனைமரம் போல வளர்ந்தவன். அந்த இரண்டு பேர் உட்காரும் காரில் அவன் கால் நீட்ட வேண்டுமானால் இருக்கையை அதன் தடத்தின் கடைசிப் பல் வரை பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். நேற்று சாயங்காலம் அப்படித் தள்ளி, பூட்டு டக்கென்று விழும் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கராஜ் விளக்கை அணைத்தான். இப்போது அது குள்ளன் ஒருவன் உட்காருவதற்கு ஏற்றபடி ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"நெல்வா! வண்டியில உட்கார்ந்தியா நீ?"

சமையலறைக் கதவு வழியாகப் பட்டாணி சூப்பின் வாசனையும் அவன் மனைவியின் குரலும் சேர்ந்து வந்தன. "அந்தத் துருப்பெட்டியிலயா? உட்கார்ந்தா ஊசி போட்டுக்கணும். எனக்கு வேற வேலை இல்லையா?"

நெல்வா பொய் சொல்ல மாட்டாள். அதற்கெல்லாம் அவளுக்கு மூளை போதாது என்பது ஹார்லனின் அபிப்பிராயம். மனைவி, பக்கத்து வீட்டுக்காரன், பாதிரியார் என்று யாரைப் பற்றியும் அவனிடம் ஒரு அபிப்பிராயம் தயாராக இருக்கும், அதில் ஒன்றும் நல்லதாக இருக்காது. ஆனாலும் அவன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த இளக்காரத்தில் பெரும்பங்கு தம்பி வெண்டலுக்குத்தான் போயிற்று.

கார் அவர்கள் அப்பாவுடையது. டச்சுக்காரர்கள் குடியேறிய அந்த அமெரிக்க ஊரான ஜீலண்டில் எல்லோரும் கறுப்புக் காரில் சர்ச்சுக்குப் போன காலத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த அந்தச் சிவப்பு வண்டியைத் துணிச்சலாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிய மனிதர். சாகும்போது அதை என்ன நினைத்தாரோ, வெண்டலுக்கு எழுதி வைத்துவிட்டார். குரங்கு கையில் பூமாலை. வெண்டல் அதை ஒழுகுகிற கொட்டகையில் போட்டு வைத்தான். தரை துருப்பிடித்து உதிர்ந்தது, கதவெல்லாம் பட்டி வைத்துப் பூசிய மேடு. போன அக்டோபரில் ஒருவழியாகப் பழுது பார்க்க உட்கார்ந்து, ஒரு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தான். ஜாக்கி சரிந்தது. அவ்வளவுதான் வெண்டல்.

சவ அடக்கத்துக்கு வந்த பூக்கள் வாடும் முன்னே ஹார்லன் போய், தம்பி பெண்டாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசி, வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். மே மாத டூலிப் பூத் திருவிழா ஊர்வலத்தில் அப்பா உட்கார்ந்த இருக்கையில் தான் உட்கார்ந்து ஊர் நடுவே ஓட்டிப் போக வேண்டும். அது யாருக்குச் சேர வேண்டிய வண்டி என்று ஊர் பார்க்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான் பனிக்காலம் முழுக்க அவனை அந்தக் குளிர்ந்த கராஜில் கட்டிப்போட்டது.

இனி பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும். அது தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவன் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவன் சக்கரத்தின் பின்னால் படுத்து, சின்னத் திருகைத் தளர்த்தி, காற்றுக் குமிழியோடு வருகிற எண்ணெயைக் குழாய் வழியாக ஜாடியில் விட்டு, திருகை மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும், எல்லாம் முதலிலிருந்து. அதனால்தான் அப்பா சொல்லுக்குச் சொல் பதில் கேட்பார். கீழேயிருந்து "மிதி" என்பார். மேலேயிருந்து வெண்டல் "மிதிச்சாச்சு" என்பான், இழுத்து இழுத்து, தூங்கி எழுந்தவன் போல. "விடு." "விட்டாச்சு." அப்பாவுக்கு வயதாகிக் குனிய முடியாமல் போன பிறகு கீழே படுப்பவன் ஹார்லன் ஆனான். மிதிப்பவன் மட்டும் மாறவே இல்லை.

அந்த "மிதிச்சாஆச்சு"வை ஹார்லன் அச்சு அசலாகச் சொல்லிக் காட்டுவான். நன்றித் திருநாள் விருந்தில் அதைச் சொல்லித்தான் எல்லோரையும் சிரிக்க வைப்பான். சவ அடக்கத்துக்குப் பிறகு சர்ச் கூடத்தில் ஹாம் இறைச்சி வைத்த பன் சாப்பிடும்போதும் ஒருமுறை சொன்னான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நெல்வா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து கராஜ் வாசற்படியில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. வெளியே பனி நீலமாக இருட்டிக்கொண்டிருந்தது.

"போறதுக்கு முன்னாடி கொஞ்சம் உட்கார்ந்து பெடலை மிதிச்சிட்டுப் போ."

"இன்னைக்கா? ஆறு நாள் போதலையா உனக்கு? நாளைக்குச் சொல்லு, நூறு தடவை மிதிக்கிறேன். கர்த்தருடைய நாள்ல மாட்டேன். உங்கப்பா இன்னைக்கு ஒரு ஆணியைத் தொட்டிருப்பாரா?"

"எங்கப்பா இல்ல இப்ப. மிதிக்க ஒரு நாதி இல்ல இந்த வீட்ல. செத்த கழுதையைத்தான் கூப்பிடணும்." காரைப் பார்த்துக் கை தட்டினான். "வெண்டல்! வாடா தம்பி, உன் உத்தியோகம் காலியா கிடக்கு!" உடனே தானே மூக்கால் இழுத்துப் பேசினான்: "மிதிச்சாஆச்சு, ஹார்ல்..."

நெல்வாவின் முகம் சுண்டிப்போனது. "மண்ணு கூட இன்னும் காயல, ஹார்லன்." கதவைச் சாத்தினாள். ஹார்லன் ஹீட்டரைக் கூட்டி வைத்தான், அது ஊ என்று இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் அவள் கார் கிளம்பியதை அவன் கேட்கவில்லை.

வண்டி நான்கு ஸ்டாண்டுகள் மேல் உறுதியாக நின்றது. அவன் என்ன வெண்டலா? சக்கரங்களைக் கழற்றி ஓரமாய் அடுக்கியிருந்தான். ஓட்டுநர் பக்கத் தரையில் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டதால் பெடல்களுக்குக் கீழே பெரிய ஓட்டை, அதற்குக் கீழே கராஜின் சிமெண்டுத் தரை. புதுத் தகடு இன்னும் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் சின்னச் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, பின்பக்க வலது மூலைக்கு உருண்டு போய், திருகில் குழாயை மாட்டித் தளர்த்தினான். கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். எண்ணெயின் காரவாசனை, ஹீட்டரின் இரைச்சல், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிற சத்தம். பழக்க தோஷத்தில் வாய் தானாகச் சொன்னது.

"மிதி."

மேலே ஸ்பிரிங் கிறீச்சிட்டது. குழாயில் எண்ணெய் நகர்ந்தது.

"மிதிச்சாஆச்சு."

ஹார்லனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நெல்வா! போகிற மாதிரி போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்து, சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நக்கலுக்கு நக்கல். பரவாயில்லை, இவளுக்கும் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது. "நல்லாத்தான் பேசற அவனை மாதிரி," என்றான். குமிழி குமிழியாகக் காற்று வந்தது. திருகை மூடினான்.

"விடு."

"விட்டாச்சு."

அந்தச் சக்கரம் முடிந்தது. பின்பக்க இடது மூலையும் முடிந்தது. நெல்வா இத்தனை ஒழுங்காக மிதிப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை, ஒருமுறை கூடக் காலைச் சீக்கிரம் எடுக்கவில்லை. பெப்பர்மிண்ட் மிட்டாய் வாசனை அடித்தது. பிரசங்கத்தின்போது வாயில் போட்டுக்கொள்ள ஊரில் எல்லோரும் பையில் வைத்திருக்கிற வெள்ளை மிட்டாய், நெல்வாவிடமும் இருக்கும். ஆனால் இந்த வாசனையோடு வேறொன்றும் கலந்திருந்தது. ஈரக் கொட்டகை. பழைய வைக்கோல். அடியில் ஏதோ லேசாக அழுகின மாதிரி. அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு முன்பக்கம் வலது மூலைக்கு உருண்டான்.

"மிதி."

"மிதிச்சாஆச்சு, ஹார்ல்."

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தான்.

"சூப்பை அணைச்சியா?" கிசுகிசுப்பான குரல். பின்னால் ஆர்கன் வாசிக்கிற சத்தம், நிறையப் பேர் சேர்ந்து பாடுகிற சத்தம். நெல்வா. "சர்ச்சு வராண்டாவுல நின்னு பேசறேன். சின்னத் தீயில வச்சிட்டு வந்துட்டேன். ஹார்லன்? கேக்குதா?"

அவன் பார்வை மேலே, காரின் அடித்தகட்டுக்குப் போனது.

"மிதிச்சாஆச்சு," என்றது மேலிருந்து குரல். பொறுமையாக.

"இன்னும் அதே விளையாட்டா?" என்றாள் நெல்வா. "ஆளில்லாத வீட்டுலயும் அவனைப் பேசிக் காட்டிக்கிட்டு இருக்கியா? நீயெல்லாம் ஒரு மனுஷன்." வைத்துவிட்டாள்.

ஹீட்டர் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவன் தலையைத் திருப்ப விரும்பவில்லை. திருப்பினால் தரை ஓட்டை தெரியும். திருப்பினான்.

ஓட்டையில் இரண்டு கால்கள் தொங்கின. கறுப்பு சர்ச் ஷூ. புதுசு, மண் படாத அடிப்பாகம். அக்டோபரில், பெட்டி மூடும் முன் ஹார்லன் அந்த ஷூவைப் பார்த்திருக்கிறான், புதைக்கப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு நல்ல தோல் என்று நினைத்தும் இருக்கிறான். வலது கால் பெடல் மேல். அசையாமல். குட்டைக் கால், எட்டி எட்டி மிதிக்கிற கால்.

"விடு சொல்லு, ஹார்ல். காலு வலிக்குது."

திருகை மூடினான். ஏன் மூடினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"வி... விடு."

"விட்டாச்சு."

கால்கள் மேலே போயின. ஹார்லன் பலகையை உதைத்துக்கொண்டு வெளியே வந்தான், முட்டி தரையில் இடித்தது, ஜாடி கவிழ்ந்து எண்ணெய் கொட்டியது. எழுந்தான். காரின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. இருக்கை பின்னால் போயிருந்தது, கடைசிப் பல் வரை. நெட்டையான ஒருவன் கால் நீட்டி உட்கார வசதியாக.

வீட்டுக்குள் போகிற கதவு நாலு எட்டில். ஓடினான். கைப்பிடியைப் பிடித்துவிட்டான், உள்ளே சூப் அடிப்பிடிக்கிற வாசனை கூட வந்துவிட்டது. அப்போது பின்னால் பலகையின் சின்னச் சக்கரங்கள் உருண்டன. கடகடவென்று, காருக்கு அடியே, அவன் படுத்திருந்த இடத்துக்கு.

"நாளைக்கு வந்து மிதிக்கிறியான்னு கேட்டேன்," என்றது கீழிருந்து. "அஞ்சு நிமிஷ வேலைன்னு சொன்னேன். நீ சிரிச்சே."

கேட்டது உண்மை. அக்டோபரில், போனில். 'நானா? மிதிக்கப் பொறந்தவன் நீ, கூப்பிடப் பொறந்தவன் நான்' என்று சொல்லிப் போனை வைத்ததும் உண்மை. அடுத்த நாள் வெண்டல் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுத் தனியாக அடியில் போனான். அந்தக் கட்டையைப் பற்றிக் கூட ஹார்லன் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான்.

கைப்பிடியிலிருந்து கை நழுவியது. கால்கள் அவனைக் கேட்காமல் திரும்பின. நடந்தன. இருக்கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. அவன் அளவுக்கு மிகச் சரியாக.

"மிதி."

மிதித்தான்.

கத்த வாயைத் திறந்தான். நெல்வா, ஓடிப்போ, உள்ளே வராதே. அதைத்தான் கத்த நினைத்தான். வந்தது இதுதான்:

"மிதிச்சாஆச்சு."

வெண்டலின் இழுப்பு. அச்சு அசல்.

ஓட்டை வழியாக ஒரு கை மேலே வந்தது. நகக்கண்ணில் கிரீஸ். அவன் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது, அன்பாக என்று கூடச் சொல்லலாம், பெடலோடு சேர்த்து அழுத்தியது.

"காலை எடுத்துடாதே ஹார்ல். காத்து ஏறிடும். நான் சொல்றப்ப விடு."

கார் விளக்கு கராஜ் கதவின் கண்ணாடியில் ஊர்ந்து மறைந்தது. வீட்டு வாசல் திறந்தது. பனியை உதறுகிற பூட்ஸ் சத்தம். உள்கதவுக்கு அந்தப்பக்கம் நெல்வா.

"கருகின வாசனை தெரு வரைக்கும் வருது! சூப்பை ஏன் அணைக்கல? ஹார்லன்?"

"மிதிச்சாஆச்சு!" என்று ஹார்லன் அலறினான். "மிதிச்சாஆச்சு! மிதிச்சாஆச்சு!"

"போதும் நிறுத்து. வெட்கங்கெட்ட மனுஷா. சாப்பிட வரியா இல்லையா?"

காருக்கு அடியிலிருந்து பதில் போனது. கனமான, எரிச்சலான, யாரையும் மதிக்காத குரல். ஹார்லனின் குரல்.

"வரேன் வரேன். தட்டை எடுத்து வை."

அவள் போனாள். பலகை உருண்டு வெளியே வந்தது. ஹார்லன் கழுத்தைத் திருப்ப முடியாமல், பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தான். எழுந்து நின்றது நெட்டையாக இருந்தது. அவனுடைய நீல வேலைச் சட்டை. அவனுடைய வழுக்கை. கந்தலில் விரல் விரலாகக் கை துடைத்தது. காலில் கறுப்பு சர்ச் ஷூ. இத்தனை நெட்டையான உடம்புக்குப் பொருந்தாத குட்டை குட்டையான எட்டு வைத்து, கதவைத் திறந்து, சமையலறை வெளிச்சத்துக்குள் போனது. போகும்போது கராஜ் விளக்கை அணைத்தது.

இருட்டில் ஸ்பூன் சத்தம் கேட்டது. நெல்வா ஏதோ சொன்னாள், அது சிரித்தது. அது போன பிறகும் கணுக்காலில் அந்தக் கை அப்படியே இருந்தது. ஹார்லன் பெடலை மிதித்தபடி, 'விடு' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான்.