அப்பாவின் ஷூவில் மூன்று மீன்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் தும்மக் கூடாது என்று உத்தரவு.

உத்தரவு போட்டவள் அளவுகோல். ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். எதையும் அளக்காமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். ரொட்டியைப் பங்கு போடும்போதுகூட ஸ்கேல் வைத்துத்தான் வெட்டுவாள். அவள் தம்பிக்கு ஐந்து வயது. அவன் பெயர் வால். காரணம் சொல்லத் தேவையில்லை.

திங்கட்கிழமை பள்ளியில் கண்காட்சி. அதற்காக அளவுகோல் மூன்று வாரமாக ஒரு குட்டிக் குளம் செய்துகொண்டிருந்தாள். தடித்த தெர்மகோல் பலகையில் பள்ளம் தோண்டி, சேற்று நிறம் பூசி, மெழுகுக் களிமண்ணால் கரை கட்டியிருந்தாள். கரையில் விரல் உயர மரங்கள். மரத்தடியில் ஆறு குட்டி மனிதர்கள். ஒரு படகு. அரிசி நீளத்தில் ஐந்து காகித மீன்கள்.

பாக்கி இருந்தது தண்ணீர்தான்.

அம்மா பெயின்ட் கடையில் வேலை செய்கிறாள். அங்கிருந்து ரெசின் என்ற திரவத்தை இரண்டு பாட்டில்களில் கொண்டு வந்திருந்தாள். இரண்டையும் சரியான அளவில் கலந்து ஊற்றினால் தண்ணீர் போலவே இருக்கும். ஒரே நாளில் கண்ணாடி போல இறுகிவிடும்.

சனிக்கிழமை அளவுகோல் குளத்தில் நிஜத் தண்ணீரை ஊற்றிச் சோதித்தாள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. பக்கத்தில் நின்ற வால் ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, இந்த மீனுக்கெல்லாம் எப்போ தண்ணி மாத்துவே?"

வீட்டு மீன் தொட்டியில் வாராவாரம் தண்ணீர் மாற்றுவது அவன் பொறுப்பு.

"மாத்தவே வேணாம்டா. ரெசின் ஊத்திட்டா எப்பவும் அப்படியே இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

வால் அந்த மீன்களைப் பாவமாகப் பார்த்தான்.

மறுநாள் காலை ஜன்னல்களைத் திறந்து வைத்து, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு அம்மா ரெசினை ஊற்றினாள். பலகை இரண்டு நாற்காலிகளின் மேல் கிடந்தது. யார் காலும் இடறக் கூடாது என்று, வழியில் கிடந்ததையெல்லாம் அளவுகோல் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அப்புறம்தான் உத்தரவுகள்: மின்விசிறி போடக் கூடாது, வீட்டைப் பெருக்கக் கூடாது, மறுநாள் வரை பலகைப் பக்கமே போகக் கூடாது, தும்மக் கூடாது. தூசி விழுந்துவிடுமாம். அப்பாவுக்குத் தும்மல் வந்தபோது தெருமுனை வரை ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை அப்பா ஒரு சத்தம் போட்டார்.

"ஐயோ! என் ஷூவுக்குள்ள யாரோ ஐஸ் வெச்சிருக்காங்க!"

எல்லோரும் ஓடினார்கள். அப்பாவின் கருப்பு ஷூக்களில் ஒன்று பளபளவென்று நிறைந்திருந்தது. கல் மாதிரி கனத்தது. உள்ளே மூன்று மீன்கள் நீந்திக்கொண்டே நின்றிருந்தன.

அளவுகோல் மேலே பார்த்தாள். குளத்தைக் காணோம்! அடியில் பூசினாற்போல ஒரு பளபளப்பு மட்டும் மிச்சம். படகு ஒருக்களித்துக் கிடந்தது. கரையோரமாகப் பென்சில் கனத்தில் ஒரு ஓட்டை. அதிலிருந்து கண்ணாடிக் குச்சி போல ரெசின் தொங்கிக்கொண்டிருந்தது.

அளவுகோல் தரையில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்துல கை வைக்கக் கூடாதும்மா" என்றாள் அம்மா.

"கவிழ்ந்தே போச்சும்மா. நீயே பாரு." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் இரண்டு குட்டிக் கால்கள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே ஒரு விசும்பல்.

அளவுகோலுக்கு வந்ததே கோபம்! திரையைப் பிடித்து இழுத்தாள்.

"நீதானா? ஏன்டா ஓட்டை போட்டே?"

"தண்ணி மாத்தத்தான்க்கா" என்று தேம்பினான் வால். "தண்ணியே மாத்தலைன்னா மீன் செத்துப்போகும்ல? ஆனா நான் அடைச்சுதான் வெச்சேன். உன் களிமண்ணாலயே."

"ரெசின் இறுகும்போது சூடாகும். அந்தச் சூட்டுல மெழுகுக் களிமண் இளகியிருக்கும்" என்றாள் அம்மா மெதுவாக.

அளவுகோல் பிடித்திருந்த திரையை விட்டாள். அரிசி நீள மீனுக்காக ஒருவன் சனிக்கிழமை முழுவதும் கவலைப்பட்டிருக்கிறான். அதுவும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், கரையோரமாகப் பார்த்து ஓட்டை போட்டிருக்கிறான். போதாததற்கு, அந்த ஷூவை அடியில் தள்ளியது யார்? அவளேதான்.

அவள் குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். பிறகு சேற்றைப் பார்த்தாள். மெல்லிய ரெசின் படிந்து, அது இப்போதுதான் தண்ணீர் வடிந்த சேறு போலவே மின்னியது.

"டேய் வால்! நிஜக் குளத்துல தண்ணி எது வழியாப் போகும்?"

"ஓ... ஓட்டை வழியா?"

"அதுக்குப் பேர் மதகு. என் குளத்துல அது இல்லவே இல்ல. நீதான் வெச்சிருக்கே. அழுததெல்லாம் போதும், ஓடு! தீக்குச்சி எடுத்துட்டு வா."

இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஐஸ் குச்சியை வெட்டி மதகுக்குக் கதவு வைத்தார்கள். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்த ஆறு மனிதர்களையும் சேற்றில் இறக்கி, ஆளுக்கொரு தீக்குச்சி மண்வெட்டி கொடுத்தார்கள்.

"என் ஷூ?" என்றார் அப்பா. அவர் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர். "கருப்பு ஷூ இல்லாமப் போனா மேனேஜர் என்னையே உறைய வெச்சிடுவாரே!"

"நீங்க நிக்கிற மேசை எவ்வளவு உயரம்ப்பா?"

"நெஞ்சு வரைக்கும் இருக்கும்."

அளவுகோல் டேப்பால் அவர் நெஞ்சு வரை அளந்தாள். "அப்போ காலு யாருக்கும் தெரியாது. போயிட்டு வாங்க."

அப்பா ஒரு காலில் கருப்பு, ஒரு காலில் பழைய பழுப்பு ஷூவோடு கிளம்பினார்.

பள்ளியில் அறிவியல் டீச்சர் பலகையை உற்றுப் பார்த்தார். "குளம் செய்யறேன்னு சொன்னியேம்மா. தண்ணி எங்கே?"

அளவுகோல் மதகைத் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்குத் தூர் வாருறாங்க டீச்சர். மதகைத் திறந்து தண்ணியை விட்டாச்சு."

"அப்போ மீனெல்லாம் என்ன ஆச்சு?"

"ரெண்டு இன்னும் சேத்துல இருக்கு. மூணு கீழே பத்திரமா இருக்கு."

டீச்சர் குனிந்தார். மதகிலிருந்து தொங்கிய ரெசின் தண்ணீருக்கு நேர் கீழே ஷூ இருந்தது. டீச்சர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவிக் கையில் வந்துவிட்டது. அப்புறம் பக்கத்து வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார். அவர் தலைமையாசிரியரைக் கூப்பிட்டார். மதியத்துக்குள் அங்கே வரிசை நின்றது.

மாலையில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். வரிசையில் முன்னால் நின்ற பெரியவர் ஷூவைப் பார்த்தார். திரும்பி அப்பாவின் கால்களைப் பார்த்தார். மறுபடி ஷூவைப் பார்த்தார்.

"ஓ! இதோட ஜோடி உங்ககிட்டதான் இருக்கா?"

அப்பா கூச்சத்தோடு பழுப்புக் காலைக் கருப்புக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்போதுதான் பலகையில் ஒட்டியிருந்த அட்டை அவர் கண்ணில் பட்டது.

'குளம்: அளவுகோல். மதகு: என் தம்பி வால். மீன்களுக்கு இடம் கொடுத்தவர்: அப்பா.'

பக்கத்தில் வால் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அப்பா அவன் காதருகே குனிந்தார்.

"எல்லாம் சரிடா. என் ஷூ எப்போ கிடைக்கும்?"

"குளத்துல தண்ணி வரட்டும்ப்பா" என்றான் வால். "மீனைத் திரும்ப விட்டதும் தந்துடறேன்."

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். உடனே வால் பதறிப்போய் அவர் மூக்கைப் பிடித்தான்.

"தும்மிடாதீங்க!"