ஆறு அரசர்களின் முகம்

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. ஏதோ ஒரு காலத்தில் கருவூலமாக இருந்த தாழ்வான கூடங்கள் அவை. வெயில் கொளுத்தும் காலையிலும் உள்ளே விளக்குப் போட்டால்தான் கை தெரியும். இளையவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அவளை முதலில் வரவேற்றது ஒரு வாசனை, ஈர இரும்பும் பழந்துணியும் கலந்த வாசனை. ஓரிரு நாளில் பழகிவிடும் என்று நினைத்தாள். பழகத்தான் செய்தது. எந்த அளவுக்கு என்றால், உடுப்பிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டு அவளோடு வீடுவரை வந்தது.

"என்னடி, பிணத்தோட குடித்தனம் நடத்திட்டு வந்த மாதிரி நாறுற? முதல்ல போய்க் குளி."

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். நாள் முழுவதும் கற்றுக்குட்டிகளின் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துகிறவளிடம் தேனொழுகும் பேச்சை எதிர்பார்க்க முடியாது. ஆனால் இளையவளின் திருமணம் முறிந்து, பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றபோது, ஒரு கேள்வி கேட்காமல் கதவைத் திறந்தவள் அந்த அக்காதான். உறவுக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, அவர்கள் வாயை அடைத்தவளும் அவள்தான். அம்மா தூரத்தில், தொலைபேசிக்குள் இருந்தாள். அக்காவை விட்டால் இளையவளுக்கு நாதியில்லை.

பிரிவின் தலைவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் செல்லாக்காசு என்பார்கள். அது அவருக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். அவர்தான் ஒருநாள் இளையவளின் மேசையில் ஒரு செம்புக் குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். யாரோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது கிடைத்தது. உள்ளே வெள்ளிக் காசுகள். அவற்றுக்கு அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, கைப்பிடி அளவில் ஓர் இரும்புத் துண்டு. அதன் ஒரு முனையில் முகம் ஒன்று குழிவாக வெட்டப்பட்டிருந்தது. காசு அடிக்கும் அச்சு.

"இந்த வம்சத்துல மொத்தம் ஆறு ராஜா," என்றார் தலைவர். "ஆறு பேர் காசும் இதுல இருக்கு. பாருங்கம்மா, உங்களுக்கு என்ன தோணுது?"

அவள் உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் பார்க்கும் ஒரு பக்கவாட்டு முகம். தடித்த புருவம், வளைந்த மூக்கு, தோளைத் தொட வரும் காதுமடல். பெயர்தான் காசுக்குக் காசு மாறியது. முகம் மாறவில்லை. தாத்தனும் பேரனும் கொள்ளுப்பேரனும் ஒரே முகம்.

"ஒரே அச்சை வெச்சுக் காலத்தை ஓட்டியிருக்காங்க சார். சோம்பேறித்தனம்."

"நானும் அப்படித்தான் எழுதினேன்." தலைவர் ஒரு காசைச் சாய்த்துக் காட்டினார். "புருவத்துக்குக் கீழே பாருங்க. இன்னொரு கண்ணு தெரியுதா? சின்னப் பையன் கண்ணு. பட்டத்துக்கு வரப்போற பிள்ளைக்கு, அவன் முகமும் பேரும் போட்டு வெள்ளிக் காசு அடிச்சு வெப்பாங்க. பட்டம் கட்டற அன்னிக்கு அதே காசு மேல இந்த அச்சை வெச்சு ஓர் அடி. பிள்ளை உள்ளே போயிடுவான். ராஜா மேலே வந்துடுவான்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சின்னக் கண் மூடியிருக்கவில்லை.

அந்த வம்சத்து அரசி ஒருத்தி கல்லில் வெட்டி வைத்த வாசகம் ஒன்றும் உண்டு என்றார் அவர். 'இவனை நான் பெற்றதாக நினைவில்லை. ஆயினும் என் மகன் இவனே.' தத்துப்பிள்ளையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

இளையவளுக்கு அது தற்காலிக வேலை. கருத்தரங்கில் உருப்படியாக ஒரு கட்டுரை வாசித்தால் நிரந்தரமாகும். பழைய முத்திரையின்மேல் புது முத்திரை விழும்போது கீழே இருப்பது எவ்வளவு அழியும், எவ்வளவு தங்கும் என்பதைச் செய்துகாட்ட நினைத்தாள். அசல் அச்சைத் தொடக்கூடாது, நகல் எடுத்துத்தான் அடிக்க வேண்டும். நகல் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கருத்தரங்கோ கழுத்துக்கு மேல் வந்து நின்றது. ஒரே ஓர் அடியில் என்ன தேய்ந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஏற்கெனவே உருவமும் பெயரும் உள்ள ஒரு வெள்ளித் துண்டுதான் வேண்டியிருந்தது.

"என் மெடலை எடுத்துட்டுப் போயேன்," என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ஓடும் பெண், மறுபக்கம் அக்காவின் பெயர். "டப்பாவுல கிடந்து கறுத்துப் போச்சு. எவன் பார்க்கப் போறான்? உன் வேலை நிரந்தரமானா என் காருக்குப் புது பிரேக் போட்டுக் குடு, போதும்."

மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இளையவள் பதக்கத்தை லேசாகச் சூடாக்கி, ஓடும் பெண் மேலே தெரியும்படி ஈயத் தகட்டின்மேல் வைத்தாள். அச்சை நிறுத்திப் பிடித்தாள். கையுறையைத் தாண்டி அதன் குளிர்ச்சி எலும்புவரை ஏறியது. சுத்தியலை ஓங்கினாள்.

கணீரென்று ஒலிக்கும் என்று நினைத்திருந்தாள்.

ஈரத் துணி மூட்டையில் அடித்ததுபோல் சத்தம் வந்தது.

பிறகு அந்தக் கூடத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்தவர் வெளியே வந்து இழுப்பதுபோல், ஆழமாக. அவள் திரும்பிப் பார்த்தாள். அலமாரிகள்தான் இருந்தன. பதக்கத்தில் அரசனின் முகம் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. ஓடும் பெண்ணின் ஒரு குதிகால் மட்டும் அவன் தாடைக்குக் கீழே மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை அக்கா காதைத் தடவிக்கொண்டே எழுந்தாள். காதுமடல் சிவந்து, இழுத்துவிட்டதுபோல் தொங்கியது. பூச்சி கடித்திருக்கும் என்று மஞ்சள் நிற மருந்து எதையோ பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் அக்காவின் தொலைபேசி அடித்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்ததால் இளையவள் எடுத்தாள். மறுமுனையில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி.

"சார் இருக்காங்களா? நாளைக்கு வகுப்பு உண்டானு கேக்கணும்."

"எந்த சார்?"

"கார் சொல்லித்தர்ற சார்தாங்க. உங்க அண்ணன்."

ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் குரல் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, அக்காவோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போன பெண்தான் அவள்.

அதன் பிறகு அக்கா பக்கவாட்டில் உட்கார ஆரம்பித்தாள். பேசும்போது முகத்தைத் திருப்புவதில்லை, சுவரைப் பார்த்தே பேசினாள். கேட்டால், "இந்தப் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்குடி. பக்கமே இல்லாத மாதிரி," என்றாள். புருவம் நாளுக்கு நாள் தடித்தது. கிண்டல் மட்டும் குறையவில்லை, ஆனால் குரலில் நடுக்கம் இருந்தது.

"எல்லாரும் என்னை சாருங்கறாங்க. அதுகூடப் பரவாயில்ல. இன்னிக்கு நானும் சொல்லுங்கனு திரும்பிட்டேன்டி. அதுதான் பயமா இருக்கு."

 இளையவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்ததும் கேட்ட முதல் கேள்வியே அவளை நிலைகுலைய வைத்தது.

"உன் அண்ணன் எப்படி இருக்கான்?"

"அம்மா, எனக்கு அக்காதானே?"

"என்னடி உளர்ற? நீயும் அவனும்தானே எனக்கு."

இளையவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவனைப் பெத்தது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?"

 

"உன்னைப் பெத்தது நல்லா ஞாபகம் இருக்கு. விடாம மழை. நர்சம்மா செருப்பை நனைச்சுட்டு வந்தா. அவனை..." அம்மாவின் குரல் தேய்ந்தது. "அவனைப் பெத்ததுதான் நினைவுக்கு வரலை. ஆனா என் புள்ளைதான். அது தெரியும்."

அரசி பொய் சொல்லவில்லை. தத்தும் எடுக்கவில்லை. ஆறு அரசர்கள் என்பதே கிடையாது. ஒருவன்தான் இருந்திருக்கிறான், ஒவ்வொரு தாயின் பிள்ளையின்மீதும் ஏறி ஏறி வந்திருக்கிறான். வம்சம் அழிந்த பிறகு ஆளில்லாமல் குடத்துக்குள் கிடந்தான். அவனை எழுப்பி, சொந்த அக்காவை எடுத்துக் கையில் கொடுத்தவள் இவள்.

தலைவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அசல் அச்சைத் தொட்டதற்கு அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பதக்கத்தை வாங்கிப் பார்த்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மேலே விழுந்ததை எடுத்துட்டுக் கீழே இருக்கறதைக் கொண்டுவர முடியாதா சார்? ஏதாவது வழி இருக்கும்ல?"

"அமுங்கின வெள்ளி அமுங்கினதுதான்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "அது உங்களுக்கே தெரியும்."

தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? உருப்பெருக்கியின் கீழ் பதக்கத்தை வைத்து, மெல்லிய கத்திமுனையால் அரசனின் புருவத்தைச் சுரண்டினாள். மயிரிழை அளவு வெள்ளி சுருண்டு வந்தது.

மேசையில் தொலைபேசி அதிர்ந்தது. அக்கா.

"முகம் எரியுதுடி." அழுகை, அந்தக் குரலில் இளையவள் கேட்டே இராத அழுகை. "ரத்தமா கொட்டுது. யாரோ தோலை உரிக்கிறாங்க. நீ என்னடி பண்ற? நிறுத்தச் சொல்லு அவங்களை."

கத்தி அவள் விரலிலிருந்து நழுவி விழுந்தது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்கூடத்தில் அந்த வாசனை, ஈர இரும்பு. அக்கா ஜன்னலோரம் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். தோள் அகன்று, சட்டை இறுகிக் கிடந்தது. ஆனால் மடியில் கிடந்த கை இன்னும் அக்காவின் கைதான். இளையவள் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நான்தான்க்கா பண்ணேன். என்னை மன்னிச்சிடு."

"அழாத. அழுதா உன் மூஞ்சி சகிக்காது." குரல் பாதிதான் அக்காவுடையது. "ஒண்ணு மட்டும் செய். என்னை அக்கானு கூப்பிடு. நிறுத்தாம கூப்பிடு. நீ கூப்பிடற வரைக்கும் நான் இருப்பேன்னு தோணுது."

"அக்கா."

"ம்."

"அக்கா. அக்கா."

"நான் இருக்கேன். சொல்லு."

இருட்டு மெல்ல அறைக்குள் இறங்கியது. எழுந்து விளக்குப் போடக்கூட அவள் கையை விடவில்லை. அக்கா, அக்கா, அக்கா. நாக்கு வறண்டது. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போயின, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அக்கா. பதிலுக்கு வந்த 'ம்' ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழே இறங்கியது, ஆழமாக, தடிப்பாக. அக்கா. தொண்டை கிழிந்துவிடும்போல் எரிந்தது. அக்கா.

எச்சில் விழுங்கினாள்.

ஒரே ஒரு தடவை.

கூடத்தில் இருட்டாக இருந்தது. தான் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று இளையவளுக்குப் புரியவில்லை. கன்னமெல்லாம் ஈரம். நாள் முழுக்கத் தூசியில் வேலை செய்தால் கண்ணில் நீர் வடியத்தான் செய்யும்.

"தண்ணி கொண்டு வரட்டுமா அண்ணா?" என்றாள்.

"கொண்டா," என்றான் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடி.

அவள் விளக்கைப் போட்டாள். அண்ணன் புருவத்தில் சின்னக் காயம். எங்கே இடித்துக்கொண்டானோ, கவனமே கிடையாது அவனுக்கு. தண்ணீரை அவன் வலப்பக்கமாகச் சுற்றிப் போய்க் கொடுத்தாள். இடப்பக்கமாக யாரும் போவதில்லை. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை, அம்மாவும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அவன் மெதுவாகக் குடித்து முடித்தான்.

"நீ பிறந்தப்போ அம்மா ஒரு வெள்ளிக் கிண்ணத்துல உன் பேரை வெட்டி வெச்சாளே," என்றான். "அது எங்கே இருக்கு?"

"அலமாரியில இருக்குண்ணா. எதுக்கு?"

"சும்மாதான். பார்க்கணும்."

கேட்காதவன் கேட்கிறான். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அலமாரியைத் திறந்து, மேல்தட்டில் துழாவிக் கிண்ணத்தை எடுத்தாள். கறுத்துப் போயிருந்தது. முந்தானையால் தன் பெயர் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துத் துடைத்து, அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.